வெர்னா டட்டிலின் ஆண்டுப் பலகைகள்

எங்கள் ஊரில் பழைய வீடு என்றால் வாசல் கதவுக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். அதில் கட்டியவர் பெயரும் கட்டிய ஆண்டும் எழுதியிருக்கும். அமெரிக்காவில், கனெக்டிகட்டின் இந்தப் பக்கத்தில் ஆண்டு எவ்வளவு பழையதோ, வீட்டுக்காரருக்கு அவ்வளவு தலைக்கனம்.

அந்தப் பலகைகளை எழுதித் தருபவர் வெர்னா டட்டில், ஓய்வுபெற்ற நூலகர். நாம் கேட்கிற ஆண்டை எழுதமாட்டார். நிலவறையில் இறங்கி, பரணில் ஏறி, ஆணிகளைத் தடவிப் பார்த்து, பழைய ஊர்ச் சரித்திரங்களைப் புரட்டி, கிழடுகள் சொல்லும் கதைகளையும் பொறுமையாகக் கேட்ட பிறகுதான் தூரிகையைத் தொடுவார். என் வீட்டுக்கே முப்பது வருடத்தைக் குறைத்துவிட்டார். பெயிண்ட் கடைக்காரன் நான். இனி உங்களுக்கு வெள்ளை பெயிண்ட் கிடையாது என்றேன். அடுத்த ஊரில் வாங்கிக்கொண்டார்.

வெர்னாவுக்கு எதிர்வீட்டு எல்டன் க்ராண்டல் கதை இன்னும் மோசம். தன் வீடு 1690இல் கட்டியது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவர். வெர்னா அவர் வீட்டு உத்தரத்தில் இருந்த வெறும் குழிகளைக் காட்டினார். முன்பு வேறொரு வீட்டில் கட்டைகள் செருக வெட்டியவை, இங்கே கட்டை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தவர்கள் எதையும் வீணாக்கமாட்டார்கள். இடித்த வீட்டு மரத்தில்தான் புது வீடு எழுப்புவார்கள்.

"மரம் தாத்தா, எல்டன். வீடு பேரன்" என்று சொல்லி 1760 என எழுதிக் கொடுத்தார். அதோடு எல்டன் வெர்னாவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். தேவாலயத்தில் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தாலும் ஒரு தலையசைப்புக்கூடக் கிடையாது.

வெர்னாவின் வீட்டுப் பலகையில் 1702. ஊரிலேயே மூத்த வீடு, அவர் அப்பா எழுதிய பலகை. முதல் டட்டில் ஒரு கொடும் பனிக்காலத்தில் பாதி ஊரை அந்தச் சமையலறை அடுப்போரம் படுக்கவைத்துக் காப்பாற்றினாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லித்தான் மகளுக்குப் பழைய வீட்டுப் பைத்தியமே பிடித்தது.

போன வசந்தத்தில் மழை ஒழுகி அந்தச் சமையலறைக் கூரையின் காரை பெயர்ந்தது. பூசவந்த ரோஸ்கோ மிச்சத்தையும் தட்டி உதிர்த்தான். நான் சுண்ணாம்பு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே மறைந்திருந்த உத்தரம் வெளியே தெரிந்தது. அதில் வரிசையாக வெறும் குழிகள்.

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பூசிடட்டுமா?" என்றான் ரோஸ்கோ. "மேல காரை போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அப்போ உங்கப்பா சொன்ன கதை?" என்றேன்.

"நடந்திருக்கும். ஆனா இந்த அடுப்படியில இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்டன்கிட்ட எவ்வளவு சுளுவா சொல்லிட்டேன். இப்படி வலிக்கும்னு அப்போ தெரியலையே."

எனக்கு அந்த அம்மாள்மேல் இருந்த பழைய கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது.

ஆணி, செங்கல், புகைபோக்கி என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்து, ஒரு சனிக்கிழமை காலை புதுப் பலகையோடு தானே ஏணி ஏறினார். 1768. வேறு வேலை இல்லாத நாங்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தோம். எல்டனும் தன் வாசலுக்கு வந்தார். பலகையை வெகுநேரம் படித்தார். பிறகு தெருவைக் கடந்து வந்து ஏணியடியில் நின்றார்.

"இடது பக்கம் தாழ்ந்திருக்கு" என்றார்.

வெர்னா திரும்பவில்லை. "பாத்துக்கிட்டு நிக்கிற நேரத்துக்கு ஏணியைப் பிடிக்கலாம்ல?"

எல்டன் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டைவிட எட்டு வருஷம் சின்னது உன் வீடு. பெரியவங்க சொன்னா கேளு, வெர்னா. இடது பக்கத்தைத் தூக்கு."

வெர்னா தூக்கினார்.