இடப்பக்கம் சரிந்து விழும் கார்

ரேஸ் பகியை, அதாவது மண்மேட்டில் பாயும் குட்டி ரிமோட் காரை, மேசையில் நான்கு சக்கரமும் பதிய வைத்து, மூக்கின் நட்டநடுவில் ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கொடுத்து மெல்லத் தூக்க வேண்டும். முன்சக்கரம் இரண்டும் ஒன்றாக எழும்பினால் பாரம் சரி. ஒன்று பிந்தினால் அந்தப் பக்கம் பாரம் கூட. அத்தானின் பகியில் இடச்சக்கரம் பிந்தித்தான் எழும்பும். அவர் இருந்தபோதும் அப்படித்தான், போன பிறகும் அப்படித்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர், மன்னார்க்காரர். நாங்கள் குடியேறிய ஹில்ஸ்பரோவில் அவர்கள் வீட்டு கராஜில்தான் எங்கள் இருவருடைய ரிமோட் கார்களும் நின்றன. ஞாயிறு பூசை முடிந்தால் நேரே ரேஸ் திடல். ஓட்டுகிறவர்கள் உயரமான மேடையில் வரிசையாக நிற்க, கீழே மண்மேடுகளில் கார்கள் எகிறிப் பாயும். அவருடைய பகியில் பேட்டரி இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் ஓர் ஈயத் துண்டை ஒட்டினால் தீர்ந்தது. சொன்னால் மனிதர் சிரிப்பார். "பாரம் கூடிப்போச்செண்டு இன்னும் பாரம் ஏத்தச் சொல்லுறியே? நல்ல எஞ்சினியரடா நீ" என்பார். அவ்வளவு பிடிவாதம். அந்தக் கார் மேட்டிலிருந்து எகிறும்போது காற்றில் இடது தோளைச் சாய்த்துக்கொண்டு போய், இடச்சக்கரத்தில் விழுந்து, ஒரு தள்ளாட்டம் தள்ளாடிவிட்டு ஓடும். பாதி நாள் தலைகீழாகக் கிடக்கும். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக வரும்.

போன குளிர்காலம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். "காரை நீ ஓட்டு தம்பி, அது சும்மா நிக்கிறதைப் பாக்க ஏலாமல் கிடக்கு" என்றாள் அக்கா. முதல் வேலையாக ஈயத்தை ஒட்டினேன். சக்கரங்கள் ஒன்றாக எழும்பின. அன்று ஓட்டிவிட்டு வந்து, அடுத்த ஞாயிறு தூக்கிப் பார்த்தால் இடச்சக்கரம் பிந்துகிறது. ஈயத்தைக் காணோம். சேற்றில் கழன்றிருக்கும் என்று நல்ல டேப்பாக வாங்கி மறுபடி ஒட்டினேன். அன்று மழை, ரேஸ் நடக்கவில்லை. கார் கராஜைவிட்டு வெளியே போகவே இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் ஈயம் இல்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று பட்டப்பகலில் கராஜ் விளக்குகள் எல்லாவற்றையும் போட்டேன். அவர் சிரிப்பது காதுக்குப் பக்கத்தில் கேட்டது மாதிரி இருந்தது.

அடுப்படிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் கறியைக் கிண்டிக்கொண்டே, "நான்தான் கழட்டினனான்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"திடலில வேலிக்குப் பின்னால நிண்டு பாக்கேக்க எனக்கு எல்லாக் காரும் ஒண்டுதான். சேறு பட்டால் நிறமும் தெரியாது. சரிஞ்சு விழுறதுதான் இவற்ர கார். அதை வச்சுத்தான் இத்தனை வருசமும் இவரைக் கண்டுபிடிச்சனான். நீ நேராக்கிப் போட்டால் நான் எதைப் பாக்கிறது?" அடுப்பைக் குறைத்துவிட்டு, "கல்லறையில எனக்கு இவர் தெரியேல்லை தம்பி. அங்க திடலில தெரியிறார்" என்றாள்.

அதன் பிறகு நான் ஈயத்தைத் தொடவில்லை. ரேஸில் வாராவாரம் கடைசி ஆளாக வருகிறேன். பாரம் சரியில்லை என்று திடலில் ஆளாளுக்கு வந்து புத்தி சொல்கிறார்கள். தெரியும் என்று தலையாட்டுகிறேன். உள்ளதைச் சொன்னால், அந்தக் காரை ஓட்ட எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நான் திருப்பும் திசைக்கு அது உடனே வருவதில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு வருகிறது. அவரும் அப்படித்தான்.

போன ஞாயிறு பெரிய மேட்டில் கார் எகிறியது. இடது தோள் சாய்ந்தது. மேடைக்குக் கீழே, வேலியோரம், அக்கா யாரிடமென்று இல்லாமல் மெல்லச் சொன்னாள்: "இந்தா வாறார்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்டு, மேடையில் ஓரடி தள்ளி நின்றேன்.