சாமத்திய வீட்டுக்கு ஒரு காவல்

புஷ்பமலருக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. நாலு பேருக்குச் சோறு போடச் சொன்னால் நாற்பது பேருக்கு உலை வைப்பாள். கலியாணம் முடித்து நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் கை விறைக்க விறைக்க மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, இப்போது ஸ்டோவ்னரில் பார்னஹாகே என்கிற ஒரு பாலர் பள்ளியில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறாள். அங்கேயும் அப்படித்தான். அழுகிற ஒரு குழந்தையை அவள் தூக்கிக் கொஞ்சுகிற கொஞ்சலைப் பார்த்து, சும்மா இருந்த குழந்தைகளும் அழத் தொடங்கும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரேயொரு பெண்பிள்ளை. பதின்மூன்று வயது ஹம்சிகா பெரியபிள்ளையானதும் தாய்க்காரி சும்மா இருப்பாளா? ஸ்ட்ரோம்மன் பக்கம் மண்டபம், பல்லக்கு, புகை கக்குகிற இயந்திரம், வீடியோ என்று சாமத்திய வீட்டுக்கு ஊரையே கூட்ட ஏற்பாடு செய்துவிட்டாள். ஹம்சிகாவும் லேசுப்பட்டவள் இல்லை, பேரம் பேசினாள்.

"சாறி ஓகே. பல்லக்கும் பரவாயில்லை. தண்ணி வார்க்கேக்கை மட்டும் வீடியோ வேண்டாம் அம்மா. நனைஞ்ச உடுப்போடை நான் நிக்கிறதை என்ர க்ளாஸ் முழுக்கப் பாக்கும்."

"ஆர் பாக்கப் போகினம்? எல்லாரும் எடுக்கிறதுதானே," என்று புஷ்பமலர் தேங்காய் துருவப் போய்விட்டாள். பிள்ளை இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். தாயின் காதில் ஏறவில்லை.

இந்த நேரத்தில்தான் வேலையிடத்தில் அந்தப் படம் போட்டார்கள். சிறுமியாக இருந்தபோது பெண்ணுறுப்பு வெட்டப்பட்டு, தப்பிப் பிழைத்து, வளர்ந்து, அதைப் பற்றி வாய் திறந்த ஒரு சோமாலியப் பெண்ணின் கதை. குழந்தைகளோடு வேலை செய்கிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது பொறுப்பாளர் கிறிஸ்ரியனின் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் விளக்கை அணைத்ததும் எல்லாரும் திரையை விட்டுவிட்டு ஹோடனைப் பார்த்தார்கள். அங்கே வேலை செய்கிற ஒரே சோமாலியப் பெண் அவள். புஷ்பமலருக்கு உயிர்ச் சிநேகிதி. ஹோடன் கறுவாப் பணிஸைக் கடித்தபடி அசையாமல் இருந்தாள். அழுதது புஷ்பமலர், அதுவும் சத்தம் போட்டு.

படம் முடிந்ததும் கிறிஸ்ரியன் குரலைத் தணித்துக்கொண்டு வந்தார். "ஹோடன், ஏதாவது கதைக்க வேணுமோ?"

"ஓம். கடைசிப் பணிஸை ஆர் எடுத்தது?" என்றாள் ஹோடன்.

வீட்டுக்குப் போகிற ரயிலிலும் புஷ்பமலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். ஹோடன் கைக்குட்டையை நீட்டினாள்.

"படம் நல்லது. ஒரு இடம்தான் எனக்கு வேறை மாதிரி. அந்தப் பிள்ளை குழறிக் குழறி இழுபட்டுப் போகுது. எனக்குக் குளிக்க வாத்து, புதுச்சட்டை போட்டு, பொம்பிளையள் பாட்டும் படிச்சவை. எனக்குத்தான் விழா எண்டு நான் துள்ளிக்கொண்டு போனனான்."

இருவரும் கதைப்பது நோர்வேஜிய மொழியில்தான், ஆனால் புஷ்பமலரின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். இத்தனை வருசப் பழக்கத்தில் ஹோடன் இதைச் சொன்னது இதுதான் முதல்தரம். புஷ்பமலர் அன்றைக்கு இறங்கவேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு அடுத்த இடத்தில் இறங்கினாள்.

அடுத்த கிழமையே பழையபடி ஆகிவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஹோடனுக்கு அழைப்பு வைத்தாள்.

"என்ர மகள் பெரியபிள்ளை ஆகிட்டாள். குளிக்க வாத்து, புதுச்சீலை உடுத்தி, பொம்பிளையள் எல்லாரும் கூடி..."

ஹோடன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "பிறகு?"

"பிறகு சாப்பாடு."

"நடுவிலை என்ன செய்வியள்?"

"அதை இப்ப சொன்னால் என்ன ருசி? வந்து பாருங்கோவன்," என்று புஷ்பமலர் கண்ணடித்தாள். இவளுக்குக் கண்ணடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை.

விழாவன்று சமையல்காரருக்கு முன்னமே ஹோடன் மண்டபத்துக்கு வந்துவிட்டாள். பொன்னிற உடுப்பு, பெரிய கைப்பை. தண்ணீர் வார்க்கிற அறைக் கதவடியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். உள்ளே ஹம்சிகா. யார் வந்தாலும் ஹோடன் "கையிலை என்ன?" என்று மறித்தாள். பூத்தட்டைக் கிளறிப் பார்த்து உள்ளே விட்டாள். பால் கிண்ணத்தையும் அறுகம்புல்லையும் மணந்து பார்த்து விட்டாள். முதல் தண்ணீர் வார்க்கவேண்டிய தக்ஷாயினி மாமி வந்தபோது பையைத் திறக்கச் சொன்னாள். உள்ளே, பூச்சரம் வெட்டவென்று மாமி கொண்டுவந்த கத்தரிக்கோல். ஹோடன் அதை எட்டிப் பிடித்தாள். மாமி விடவில்லை. இரண்டு பட்டுடுப்பும் இழுபட, வீடியோக்காரன் ரிசாந் அதையும் விடாமல் எடுத்தான்.

சத்தம் கேட்டுப் புஷ்பமலர் ஓடி வந்தாள். கத்தரிக்கோலையும் ஹோடனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விசயம் விளங்கியதும் முதலில் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கோபம்.

"எங்களை அப்பிடியோ நினைச்சனீங்கள்? நான் என்ர பிள்ளையை வெட்டுவனோ?"

"என்ர அம்மாவையும் நான் அப்பிடி நினைக்கேல்லை," என்றாள் ஹோடன்.

புஷ்பமலர் காஞ்சிபுரத்தோடு வெறுந்தரையில் இருந்துவிட்டாள். ஹோடனின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள்: தலையில் பாலும் அறுகும் வைப்பது, தண்ணீர் வார்ப்பது, சீலை உடுத்துவது, ஆலாத்தி எடுப்பது, கேக் வெட்டுவது. கேக் என்று வந்தபோதுதான் ஹோடன் கத்தரிக்கோலை விட்டாள்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"பிள்ளைக்கு விருப்பமோ?"

ஓம் என்று சொல்லத்தான் புஷ்பமலர் வாயைத் திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஹம்சிகா காதை ஒட்டிக்கொண்டு நிற்பாள் என்பதும் தெரியும். பொய் வரவில்லை. சொந்தப் பிள்ளைக்கு முன்னால் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழும்பி ரிசாந்திடம் போனாள்.

"தம்பி, இதுக்குள்ளை கமரா வேண்டாம். குசினியிலை வடை சுடுகினம், அதைப் போய் எடும்."

"தண்ணி வார்க்கிறது இல்லாமல் என்னெண்டு அக்கா வீடியோ?"

"வடை நல்லா விழும்."

கதவு திறந்து ஹம்சிகா தலையை நீட்டினாள். "ஹோடன் அன்ரியும் வரட்டும்." எங்கட ஆக்கள்தான் வார்க்கவேணும் என்று மாமி முணுமுணுத்தாள். புஷ்பமலர் மாமியின் கையிலிருந்த செம்பை வாங்கி ஹோடனிடம் கொடுத்தாள்.

ஹோடன் வாசலிலேயே நின்றுவிட்டாள். தண்ணீரும் பூவும் பெண்களுமாக நிறைந்த அப்படியொரு அறைக்குள், சிறுமியாக இருந்த அன்றைக்குப் பிறகு அவள் போனதில்லை. புஷ்பமலர் அவள் முழங்கையைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனாள். பலகையில் ஹம்சிகா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். ஹோடன் அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"வார்க்கட்டோ?"

ஹம்சிகா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

அதன் பிறகுதான் ஹோடன் செம்பைச் சரித்தாள்.