பதினொன்று என்று சொன்னவன்

உடுப்புகள் அடைத்த கறுப்புக் குப்பைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மே மாத மழையில் மார்க்கம் ரோட்டால் நடந்துகொண்டிருந்தேன். இந்த நாட்டுக் குப்பைப் பைகள் உறுதியானவை. எங்களில் பலர் வீடு மாறுவதே அவற்றில்தான்.

அன்று மத்தியானம் வரை ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் இருந்தேன். கீழே நாங்கள் ஆறு பேர். மேலே வீட்டுக்கார அண்ணையின் குடும்பம், ஐந்து பேர். குடிசன மதிப்புப் படிவத்தை அண்ணை திருப்பி அனுப்பாததால் ஒரு வெள்ளைக்காரப் பெண் நேரில் வந்து கதவைத் தட்டினாள். கீழே என்னோடிருந்த மற்ற ஐவரும் குளியலறைக்குள் ஒளிந்தார்கள். கொழும்பில் வீடு வீடாகத் தலை எண்ண வந்த பொலிஸ்காரர்கள் எண்ணி முடித்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை.

நான் கதவைத் திறந்து, எனக்கு இங்கே வாக்கில்லை என்றேன். வாக்கில்லாதவரையும் எண்ணுவோம், சனத்தொகை கூடும் இடத்துக்குத்தான் பாராளுமன்றத்தில் ஆசனம் கூடும், சொல்வதை வெளியே விடமாட்டோம் என்றாள். எனக்கு இந்தக் கணக்கு தெரியும். ஊரில் பதிந்த வாக்காளர் தொகைக்குத்தான் ஆசனம். சனம் ஓட ஓட யாழ்ப்பாணத்தின் பங்கு தேய்ந்தது. நான் புறப்பட்ட பின் ஊர் அதிகாரியான விதானையார் வாக்காளர் பெயர் இடாப்பைத் திருத்த வந்தபோது, "அவன்ரை பேரை வெட்டாதையுங்கோ, ஆக்கள் குறைஞ்சால் ஆசனமும் போயிடும்" என்று அப்பா மறித்தாராம்.

"பதினொன்று" என்றேன்.

வேலையால் வந்த அண்ணை வாசலில் நின்று கேட்டுவிட்டார். அவள் போகும்வரை பொறுத்தார்.

"நகரசபைக்குச் சொல்லுவாள். அனுமதியில்லாமல் வாடகைக்கு விட்டதெண்டு பேஸ்மென்டை மூடுவாங்கள்."

"சொல்லமாட்டன் எண்டவள், அண்ணை."

"கொழும்பிலை எண்ணினவனும் உப்பிடித்தான் சொன்னவன். என்ரை தம்பி எங்கை?"

அண்ணை ஒரு குப்பைப் பையை என் பக்கம் எறிந்தார்.

"ஸ்காபரோவுக்கு ஆசனம் கூடுதெல்லே? போய் அதிலை படு!"

குளியலறைக்குள் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் காலை, கூலிக்கு ஆள் ஏற்றும் வானுக்கு வரிசையில் நின்றேன். சாரதி ஒவ்வொரு தோளாகத் தட்டி எண்ணி, என்னோடு நிறுத்தினான். வானில் இடம் அவ்வளவுதான். எனக்குப் பின்னால் நின்ற சோமாலியக் கிழவர் ஏதோ கெஞ்சினார். நான் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

வான் இறக்கிவிட்டது ரெக்ஸ்டேலில் ஒரு கோழி வெட்டும் ஆலையில். உயிருள்ள கோழியைக் காலில் பிடித்துக் கொக்கியில் தலைகீழாக மாட்ட வேண்டும். பெயர் யாழ்ப்பாணத்து இடாப்பிலும் தலை ஸ்காபரோவின் எண்ணிக்கையிலும் கிடக்க, இரண்டு கைகள் மட்டும் அங்கே நின்று மாட்டிக்கொண்டிருந்தன.