தள்ளு என்றுதான் கேட்டது

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஓர் உப்புக் கிடங்கில் வேலை பார்த்தேன். மூட்டை ஏற்றிய இரும்புத் தள்ளுவண்டியை லாரி மேடைவரை கொண்டுபோக வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு பெண்கள். என் கூட்டாளி திரேஸ்புரத்துக்காரி, என்னைவிட மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

உப்புக்காற்றில் சக்கரங்கள் துருவேறிக் கிடக்கும். எண்ணெய் விடச் சொன்னால் மேஸ்திரி, "நாளைக்குப் பாப்போம்" என்பார். லாரி காத்து நின்றால் மூட்டைகளை வண்டியில் எங்கள் தலை உயரத்துக்கு மேல் அடுக்கச் சொல்வார். பின்னால் நின்று தள்ளுகிறவளுக்குச் சாக்கைத் தவிர ஒன்றும் தெரியாது.

அன்று காலை மேடைக்குப் பக்கத்தில் வண்டி சிக்கிக்கொண்டது.

"ஏளா, நீ தள்ளு. நான் முன்னால போய் இழுக்கேன்" என்று அக்கா போனாள்.

சக்கரம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்குள் அவள் குரல் வந்தது. "தள்ளு" என்றுதான் எனக்குக் கேட்டது. காலை ஊன்றித் தோளைக் கொடுத்தேன். சக்கரம் சட்டென்று விடுபட்டு வண்டி ஓடியது. அவ்வளவு லேசாகப் போனது. அந்த லேசுதான் இன்றும் என் தோளில் இருக்கிறது.

சுற்றிப் போய்ப் பார்த்தேன். வண்டிக்கும் மேடைச் சுவருக்கும் நடுவே இடுப்பு நெரிபட்டு நின்றாள். அழவில்லை.

"தள்ளாதன்னுல்லா கத்துனேன்" என்றாள்.

உயிர் பிழைத்தாள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்புறம் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. கிடங்கிலேயே உட்கார்ந்து சாக்குத் தைத்தாள்.

விபத்துக்கு மறுநாளே மேஸ்திரியிடம் போனேன். "அண்ணாச்சி, நெஞ்சுக்கு மேல மூட்டை வச்சா வண்டியத் தொட மாட்டேன். முன்னால ஆளு போகவும் கூடாது. ரெண்டு பேரும் பின்னால நின்னுதான் தள்ளுவோம்." மற்றப் பெண்களும் என் பின்னால் வந்து நின்றார்கள். மதியத்துக்குள் எண்ணெய் டப்பா வந்தது. வண்டியை நிறுத்த "நில்லு" என்று மட்டுமே கத்துவது என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம்.

சில வருஷம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அக்கா, நெசமாவே தள்ளாதன்னா சொன்ன?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கே இப்ப நிச்சயமில்லளா. இனிமே கேக்காத."

அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டில் பீரோவை நகர்த்தினாலும் முதலில் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறேன். யாரும் இருப்பதில்லை. திரும்பி வந்து கை வைக்கிறேன். வைத்த கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவையும் போய்ப் பார்க்கிறேன்.