இரண்டு பக்கெட் சேறு

போன திங்கட்கிழமை காலை, இரண்டு பக்கெட் நிறையச் சேறு அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஹாலில் கொட்டினேன்.

பகை எதுவும் இல்லை. வீட்டுக்காரியே கேட்டுக்கொண்டதுதான். "இன்னும் ரெண்டு பக்கெட் வேணும்ணா, கதவோரம் கம்மியா இருக்குது" என்றாள்.

கொட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் மிதித்துப் பரப்பவும் செய்தேன். வடிந்துபோன வெள்ளத்தை யாராவது திரும்ப அள்ளிக்கொண்டு வந்து வைப்பார்களா? நாங்கள் வைத்தோம். தெருவே சேர்ந்து வைத்தோம்.

ஏன் என்று கேட்கிறீர்கள்தானே? வருகிறேன்.

பாலாற்றுக்காரர்களுக்கு ஆறு என்றால் மணல். அதில் ஆடு மேயும். கிரிக்கெட் நடக்கும். தண்ணீர் மட்டும் போகாது. அதனால், கார்த்திகை அடைமழையில் ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டதும் நாங்கள் பயப்படவில்லை... குடும்பத்தோடு பாலத்துக்குப் போனோம். மஞ்சள் குங்குமம் தூவினோம். கற்பூரம் ஏற்றினோம். தண்ணீரோடு செல்ஃபி எடுத்தோம். வா தாயே, வா, என்று வாய் நிறையக் கூப்பிட்டோம்.

ஆற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் — ஏரி எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

ஆம்பூருக்கு வெளியே, ஏரிக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது எங்கள் தெரு. கரை உடைந்து, தண்ணீர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டது. இரண்டு நாள் இருந்தது. கட்டிலுக்கடியில் படுத்தது, பீரோவுக்குள் புகுந்து பட்டுப்புடவை உடுத்திப் பார்த்தது, ரேஷன் அரிசியைத் தின்றது. போகும்போது, பக்கத்து வீட்டு வசந்தாவின் பின்பக்கச் சுவரையும் கையோடு சாய்த்துவிட்டுப் போனது.

வசந்தா ஷூ கம்பெனியில் செக்கர். பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு ஷூவையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் பிசகியிருக்கிறது, எங்கே பசை வழிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவள் வேலை. இருபது வருஷமாக ஒட்டுகிறாள். ஒரு தடவை என் சட்டைக் காலரில் ஒன்றை ஒட்டிவிட்டாள். பார்த்தால், பொத்தான் மாற்றிப் போட்டிருந்தேன்.

புருஷன் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். ஒரே மகள் சுதா. குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வரவேண்டியவள். அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அறைக்குத்தான் இப்போது மூன்று சுவர்.

மறுநாளே கட்டியிருக்கலாம். விழுந்த செங்கல்லில் பாதிக்கு மேல் முழுசாகத்தான் கிடந்தது. ஆனால், தண்ணீர் வடிந்த அன்று தலையாரி பைக்கில் வந்தார். இறங்கவில்லை. வண்டியை அணைக்கவும் இல்லை.

"எதையும் தொடாதீங்க. அப்டியே இருக்கட்டும். ஆபீசர் நேர்ல வந்து சேதத்தைப் பாத்து எழுதினாத்தான் நிவாரணம்."

மற்றவர்களாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே மண்வெட்டி எடுத்திருப்பார்கள். வசந்தா எடுக்க மாட்டாள். செக்கிங் ஆகாத சரக்கு லாட்டை இடத்தைவிட்டு நகர்த்தக்கூடாது என்பது அவள் ரத்தத்தில் ஊறிய சட்டம். சுவர் விழுந்த இடத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டினாள். காத்திருந்தாள்.

முதல் நாளே பள்ளிவாசலிலிருந்து குஸ்கா பொட்டலம் வந்தது. இரண்டாம் நாள் சர்ச்சிலிருந்து பாய் வந்தது. மூன்றாம் நாள் யாரோ ஒரு கல்லூரிப் பிள்ளைகள் பிளீச்சிங் பவுடர் கொண்டு வந்தார்கள். அரசாங்கம்...

நான் தினமும் தாலுகா ஆபீசுக்கு போன் செய்தேன். தினமும் ஒரே பதில். "டீம் கிளம்பிட்டாங்க சார்." கிளம்பியவர்கள் நடந்தே வந்திருந்தால்கூட கன்னியாகுமரி போய்விட்டுத் திரும்பியிருக்கலாம்.

இதற்கிடையில், எதிர்வீட்டு நூர்ஜஹான் பாபியின் கோழி அந்தச் செங்கல் குவியலுக்குள் இடம் பிடித்தது. முட்டையிட்டது. அடைகாத்தது. இருபத்தொரு நாளில் ஏழு குஞ்சுகளை வெளியே அழைத்து வந்து தெருவுக்கு அறிமுகப்படுத்தியது. ஒரு கோழி — யாருடைய கையெழுத்தும் இல்லாமல் — ஒரு வேலையை எடுத்து, முடித்து, அடுத்ததற்குப் போயே விட்டது.

"என் கோழிய தாசில்தார் ஆக்கிடலாம்" என்றார் பாபி. அவரும் அதே கம்பெனியில் பேக்கிங் செக்ஷன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரக் கடைசியில் பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாணம். சனி, ஞாயிறு நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் இது நடந்திருக்காது. சனிக்கிழமை மதியம் தலையாரி மறுபடி பைக்கில் வந்திருக்கிறார். மறுபடி இறங்கவில்லை. "திங்கக்கிழமை பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்ஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் நிறைந்த தெருவில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலாமா?

வெளிநாட்டுக்காரன் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறான் என்றால் கம்பெனியில் என்ன நடக்கும்? தரையைக் கழுவுவார்கள். தூணுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். பிசகின ஷூ எல்லாம் பின்பக்கம் போய்விடும். நீல யூனிஃபார்ம் கோட்டைத் துவைத்துப் போட்டு, தலைவாரி, சிரித்த முகமாக நிற்பார்கள். இருபது வருஷப் பழக்கம். கை தானாகச் செய்யும். மூளையைக் கேட்காது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பஸ் இறங்கி வருகிறேன்... தெரு பளபளக்கிறது.

வாசலெல்லாம் கோலம். சேறு போன இடம் தெரியவில்லை. வசந்தா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஆசிட் ஊற்றித் தேய்த்த தரையில் என் முகம் தெரிந்தது. ஜன்னல் மட்டம் வரை வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கறை... வெள்ளையடித்து மறைத்தாகிவிட்டது. தார்ப்பாய்க்குப் பதில் பூப்போட்ட கர்ட்டன். விழுந்த செங்கல் ஒவ்வொன்றும் மண் உதறப்பட்டு, வரிசைக்குப் பத்தாக, அட்டைப்பெட்டி அடுக்கியது மாதிரி நின்றது. அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டு: மொத்த எண்ணிக்கை. உடைந்தது தனி, முழுசு தனி.

ஞாயிறு லீவு முழுக்க ஆறு பெண்கள் வேலை பார்த்திருக்கிறார்கள்.

வசந்தா தலைக்குப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். "எப்டிண்ணா இருக்குது? ஒரு குறை சொல்ல முடியாது, பாருங்க."

"சூப்பரா இருக்குது வசந்தா. ஆனா... அவங்க இன்னா பாக்க வர்றாங்க?"

"வெள்ளத்துல இன்னா..."

அத்தோடு நிறுத்தினாள். கர்ட்டனைப் பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள். மெதுவாகச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"ஐயோ... குறையைத்தான் பாக்க வர்றாங்க இல்லண்ணா?"

கோழி மட்டும் பேசியது.

"சுதாவுக்கு வர்ற ஞாயித்துக்கெழமை வண்டி சொல்லியாச்சுண்ணா" என்றாள் வசந்தா. "புள்ளத்தாச்சிய மூணு செவுத்துக்குள்ள எப்டிண்ணா படுக்க வைப்பேன்?"

நூர்ஜஹான் பாபிதான் முதலில் முந்தானையை இழுத்துச் செருகியவர். "ஏய், அழுவாதடி, பேஜார் பண்ணாத. பதினோரு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. சாக்கடையில சேறு இருக்குது. வாங்கடி!"

ஆறு பேரும் கம்பெனிக்கு போன் போட்டு அரைநாள் பர்மிஷன் சொன்னார்கள். அப்படித்தான் நான் பக்கெட் தூக்கினேன்.

அழிவைச் செய்வது எளிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. வெள்ளம் ஒரு கலைஞன்... அதன் கைவண்ணம் நமக்கு வராது. சுவரில் தண்ணீர்க் கறை வரைய வேண்டும். வசந்தா இஞ்ச் டேப்பை எடுத்து, ஜன்னல் சட்டத்திலிருந்து அளந்து, ஸ்கேல் வைத்து, டீத்தூள் தண்ணீரில் துணியை நனைத்து இழுத்தாள். கறை, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட மாதிரி வந்தது.

"வெள்ளம் ஸ்கேல் வச்சா வந்துச்சு?" என்றார் பாபி. "கோணலா போடுடி."

"கோணலா வர மாட்டேங்குது பாபி."

"அதுவுமில்லாம ஜாஸ்தி ஏத்திட்ட. உன் வீட்ல இவ்ளோ தண்ணி இல்ல. என் வீட்லதான் ஜாஸ்தி."

"என் வீடுதான் பள்ளம்!"

"தண்ணி போனப்புறம் தண்ணிக்குச் சண்டையா?" என்றேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். ஏரிக்குக் கீழே பிறந்தவர்களுக்கு எவ்வளவு ஆழத்தில் நின்றோம் என்பது கௌரவப் பிரச்சினை.

செங்கல்லைக் கலைப்பது அதைவிடப் பாடு. வசந்தா ஒன்றை எடுத்து எறிவாள். பிறகு ஓடிப்போய் அதை நேராக வைப்பாள். கடைசியில் அவளை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பாபி ஒரே உதை. அடுக்கு சரிந்தது. கோழி பழைய இடத்துக்கு நிம்மதியாகத் திரும்பியது.

பத்தே முக்காலுக்கு வெள்ளம் தயார்.

பதினோரு மணி ஆனது. பன்னிரண்டு. இரண்டு. ஆபீசுக்கு போன் செய்தேன்.

"கிளம்பிட்டாங்க சார்."

செவ்வாய் வரவில்லை. வெயில் அடித்தது. சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. புதன்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டே பார்க்கிறேன் — வசந்தா கம்பெனி பஸ்ஸுக்குப் போகும் முன், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஹாலில் சேற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். துளசிக்கு ஊற்றும் அதே பக்குவம். வெள்ளத்தை இவ்வளவு அன்பாக வளர்த்த குடும்பம் வேறு எங்காவது உண்டா?

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஜீப் வந்தது. கம்பெனி பஸ்ஸும் அப்போதுதான் வந்து நின்றது. பெண்கள் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்கள்.

அதிகாரி இளைத்த மனிதர். கண்ணில் தூக்கம். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவருக்கு எத்தனை ஊரோ, எத்தனை சுவரோ. திட்டுவதற்கென்று ஒரு மாதத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எனக்கு மறந்து போயின.

உள்ளே நுழைந்தார். குனிந்தார். விரலால் சேற்றைத் தொட்டார்.

"ஈரமா இருக்குதேம்மா?"

"ஆமா சார். காலைலதான் தண்ணி ஊத்தினேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். செக்கருக்குப் பொய் வராது. இருபது வருஷம் குறையை மறைத்தவர்களைப் பிடித்தே பழகியவள்.

"எதுக்கும்மா ஊத்தின?"

"நீங்க வருவீங்கன்னு சார்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சுவரில் ஸ்கேல் வைத்து இழுத்த கறையைப் பார்த்தார். எங்கள் ஆறேழு முகங்களையும் பார்த்தார். பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டார்.

"சரி... சுவர் எங்க?"

"இதான் சார்." வசந்தா காற்றைக் காட்டினாள்.

"நீளம், உயரம் தெரியிற மாதிரி போட்டோ வேணும். ஆப்ல ஏத்தணும். காத்தை எடுத்து அனுப்புனா திருப்பி அனுப்பிடுவாங்க. பழைய போட்டோ எதாவது?"

யார் வீட்டிலாவது பின்பக்கச் சுவரைப் போட்டோ எடுத்து வைப்பார்களா? பாலத்தில் எடுத்த செல்ஃபிதான் இருந்தது — எல்லோரும் சிரித்துக்கொண்டு.

அவர் நோட்டை மூடப் போனார். அப்போது வசந்தா நகர்ந்தாள். சுவரின் மூலை இருந்த இடத்தில் போய் நின்றாள். "பாபி, இங்க வா. என் பக்கத்துல."

பாபி நின்றார். இன்னொருத்தி நின்றாள். இன்னொருத்தி. ஆறு பெண்கள், தோளோடு தோள், நீலக் கோட்டில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. சரியாக இருந்தது. ஓர் அங்குலம் மிச்சமில்லை.

"உயரம் மட்டும் எங்களவிட ஒரு ரெண்டடி ஜாஸ்தி போட்டுக்கங்க சார்" என்றாள் வசந்தா, அசையாமல்.

அதிகாரி சிரிக்கவில்லை. போனைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, எடுத்தார். "சரியா இருக்கா சார்?" என்று என்னிடம் காட்டினார். பிறகு விரலால் தட்டித் தட்டி, படத்துக்குக் கீழே எழுதினார்: 'பின்பக்கச் சுவர் – முழுச் சேதம்.'

ஜீப்பில் ஏறியபின் தலையை வெளியே நீட்டினார். "மேல அனுப்பிடறேன்மா. உத்தரவு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. அப்டியே இருக்கட்டும்."

ஜீப் போய்விட்டது. பெண்கள் இன்னும் கலையவில்லை. வசந்தாவின் கண் தெருக்கோடியிலேயே இருந்தது.

"போதும்ணா" என்றாள். "அதுவரைக்கும் நாங்களே நின்னுக்கினு இருக்க முடியுமா? ஞாயித்துக்கெழமை எம் பொண்ணு வர்றா."

வெள்ளி, சனி இரண்டு நாளும் அரைநாள் லீவு. பாபியின் தம்பி கொத்தனார். செங்கல் கைமாறிக் கைமாறிப் போனது. நானும் அந்த வரிசையில் நின்றேன். சனிக்கிழமை சாயங்காலம் வசந்தா ஈரச் சுவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். பையிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறி எடுத்து ஒட்டினாள்.

"யக்கா, இது செவுரு, ஷூ இல்ல" என்றான் தம்பி.

"தெரியுது. ஒரு கல்லு வெளிய வந்திருக்குது. எடுத்துப் போடு."

எடுத்துப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சுதா வந்தாள். நான்கு சுவருக்குள் படுத்திருக்கிறாள். கோழிதான் இடம் போன கோபத்தில் இருக்கிறது.

உத்தரவு இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் படம் இப்போது எந்த மேஜையில், எந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்கிறதோ... முழுச் சேதம் என்று போட்டு.

அந்தப் படத்தை நான் பார்த்தேன். அந்தச் சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை.