மூடாத விண்டோவும் மூச்சு வாங்கற லேப்டாப்பும்

லேப்டாப் சர்வீஸ் கடைக்கு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு சொல்ற வியாதி ஒண்ணுதாங்க: "ஸ்லோவா இருக்குது." திரையில சுத்தற வட்டத்தப் பார்த்துப் பார்த்தே டீ ஆறிப்போன என் சொந்தங்களே, உங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் இன்ஜினியரிங்கப் பாதியில விட்டவன். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு பக்கம் சரவணண்ணன் கடையில கொஞ்ச நாள் வெச்சுப் பார்க்கலாம்னு சேர்த்துக்கிட்டாங்க. அண்ணன் கண்டிஷன்: நான் பார்த்து அனுப்பின லேப்டாப் அதே கோளாறோட திரும்பி வந்தா வேலை கிடையாது. எங்கப்பா கண்டிஷன் அதவிட மோசம்: வேலை போச்சுன்னா தக்காளித் தோட்டத்துக்கு வந்து செடிக்கு முட்டுக் குடுக்கற குச்சி நடணும். எனக்கு வெயிலும் ஆகாது, அப்பாவும் ஆகாது.

மூணு வாட்ச்மேன்

எங்கிட்ட மொதல்ல வந்தது ஜெசிந்தா டீச்சர். லேப்டாப்ப ஆன் பண்ணிட்டு, கொழம்பு வெச்சு எறக்கிட்டு வந்தாத்தான் திரையே தெரியுமாம். டாஸ்க் மேனேஜர்னு ஒண்ணு இருக்குதுங்க, யாரு எவ்ளோ மெமரி திங்கறாங்கன்னு போட்டுக் குடுக்கற ஆளு. அதத் தொறந்தா மூணு ஆன்ட்டிவைரஸ்! டீச்சரோட தம்பி மகன் ஒண்ணு போட்டுட்டான், கூட வேலை செய்யற சார் ஒண்ணு, பயத்துல டீச்சரே ஒண்ணு. ஒருத்தன் தொறக்கற ஃபைல மத்த ரெண்டு பேரும் சந்தேகப்பட்டு சோதிச்சா, வேலை எப்பிடி நடக்கும்? ரெண்டத் தூக்கினேன். லேப்டாப் பறந்துச்சு. டீச்சர் லேப்டாப்ப எடுத்துப் பையில வெச்சுக்கிட்டே கேட்டாங்க.

"ஏந்தம்பி, எங்க ஸ்டாஃப் ரூமுல நடக்கறதேதான் இதுக்குள்ளயும் நடந்துச்சா?"

வியாதி திரும்பி வந்துச்சு

அடுத்தது தக்காளி மண்டி வெச்சிருக்கற மாதையன் மாமா. விவசாயிக்கு ஒண்ணுன்னு எக்செல் ஷீட்டு, அத்தனையும் தொறந்தே கெடக்குது. ராத்திரி ஆஃப் பண்றதும் கிடையாது, மூடிய மட்டும் சாத்திட்டு வூட்டுக்குப் போயிடுவாரு. மெமரி தொண்டை வரைக்கும் ரொம்பி நிக்குது. எல்லாத்தையும் சேவ் பண்ணி மூடி, ரீஸ்டார்ட் குடுத்து, குதிரையாட்டம் ஓடவிட்டு அனுப்பினேன்.

அடுத்த வாரமே அந்தக் குதிரை ஆமையா திரும்பி வந்துச்சு. உள்ள மறுபடியும் அத்தனை ஷீட்டும். சரவணண்ணன் என்னையப் பார்த்தாரு, சுவத்துல இருந்த காலண்டரப் பார்த்தாரு.

"குச்சி நடற சீசன் இதானேடா?"

மண்டியில ஒரு காலையில

கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் டைம் வாங்கிட்டு, விடிஞ்சதும் மண்டிக்குப் போய் உக்காந்தேன். ஏன் மாமா எதையும் மூட மாட்டேங்கறீங்கன்னு கேட்டேன். "மாசக்கணக்கா தண்ணி கட்டித் தக்காளி கொண்டாந்தவர முன்னாடி நிக்க வெச்சுட்டு, பேரென்ன, ஊரென்னன்னு தேடினா அது மரியாதையா தம்பி?"ன்னாரு. அவரு யாரையும் காக்க வெக்கக்கூடாதுன்னு தொறந்து வெச்சிருக்காரு. லேப்டாப் எல்லாரையும் காக்க வெச்சுட்டிருக்குது! இந்த மனுசன் மேல எங்க கோவப்படறது?

அங்கயே உக்காந்து ஒரே பக்கத்துல ஊர்வாரியா எல்லார் பேரையும் போட்டேன். பேரத் தொட்டா அவரு ஷீட்டு மட்டும் தொறக்கும், அடுத்த பேரத் தொட்டா முன்னது தானா மூடிக்கும். வேவு பார்க்க சரவணண்ணனும் வந்துட்டாரு. அந்நேரம் ஒரு டெம்போ வந்து நின்னுச்சு. எறங்கினவரு தோள்துண்ட ஒதறி முடிக்கறதுக்குள்ள ஷீட்டு வந்துடுச்சு. "வாங்க சின்னப்பண்ணா, போன லோட விட காயி இன்னிக்கு பெருசா இருக்குதே!"ன்னு மாமா சொன்னதும் அந்த மனுசன் மொகத்துல அப்பிடியொரு சிரிப்பு. அப்பறமும் டெம்போ மேல டெம்போ வந்துச்சு. மெமரி பாதியத் தாண்டல. சரவணண்ணன் பாக்கெட்டுல கைய வுட்டு கடைச் சாவிய எடுத்து என் கையில திணிச்சாரு.

"நாளையிலிருந்து நீயே தொறடா, நான் கொஞ்சம் தூங்கிட்டு வர்றேன்."

ஆக, வேலை நிலைச்சுடுச்சுங்க, ஆனா கடை தொறக்க லேட்டானா திட்டு வாங்கறதுக்கு இப்ப என்னைய விட்டா வேற ஆளு இல்ல.