கிழக்கா, மேற்கா

கானா நாட்டுத் தேமாவில் கேப்டன் கோர்க்கு டோக்பே வீட்டுக்கு முன்பெல்லாம் யார் புதிதாகப் போனாலும், உட்காருவதற்குள் இந்தக் கதையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். பூமிப்படத்தில் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கிற பூஜ்யக் கோடு எங்கள் ஊர் வழியாகப் போகிறது. அது தன் வீட்டுக் கூடத்தின் நடுவிலேயே போகிறது என்று அவர் சாதிப்பார். "நாங்க தூங்குறது மேற்கில, திங்குறது கிழக்கில" என்பார். "பாத்திரம் கழுவுறது மட்டும் ரெண்டு பக்கமும் நான்தான்" என்று அவர் மனைவி எசினம் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

நான் அஜெலே. அவர் ஓட்டிய விமானத்தில் பணிப்பெண்களுக்குத் தலைவியாக வருஷக்கணக்கில் இருந்தவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கோ கோபமே வராது. புளித்த சோளமாவில் செய்த கென்கியும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு வந்து விமானி அறையில் பிரித்துவிடுவார். வாசனை கடைசி வரிசை வரைக்கும் போகும். "கேப்டன், முன்னாடி இருக்கிறவங்க மூக்கைப் பொத்துறாங்க" என்பேன். "பொத்தலை அஜெலே, பசியில மோந்து பாக்குறாங்க. ஆளுக்கு ஒரு துண்டு குடு" என்பார். அந்த மனுஷனுக்கு அப்படி ஒன்று நடந்திருக்கக் கூடாது.

எங்களுடையது பழைய விமானம். கிளம்பும் முன் அது எங்கே நிற்கிறது என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். வழிகாட்டும் கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டி, கூடவே கிழக்கா மேற்கா என்று ஒரு எழுத்தையும் தட்டுவார்கள். அதை நம்பித்தான் அது பாதை போடும். எங்கள் தலைநகர் அக்ரா மேற்கில். குமாசி, அபிஜான், ஃப்ரீடவுன் என்று நாங்கள் போய்வந்த ஊரெல்லாம் மேற்குதான். விரல் யோசிக்காமலே மேற்கைத் தட்டிவிடும். லோமே எங்கள் நாட்டு எல்லையை ஒட்டியே இருக்கிற ஊர். ஆனால் அது கோட்டுக்குக் கிழக்கே.

அன்று லோமேயிலிருந்து வடக்கே வாகடூகுவுக்குக் கிளம்பினோம். கேப்டன் எண்களைச் சரியாகத்தான் தட்டினார். எழுத்து மட்டும் மேற்கு என்று விழுந்துவிட்டது. துணை விமானி எபோ எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான், எழுத்தைப் பார்க்கவில்லை. கானாவுக்குள் எங்கேயோ நின்று கிளம்பியதாக நினைத்துக்கொண்டு அந்த இயந்திரம் எங்களைக் கூட்டிக்கொண்டு போயிற்று. ஹார்மட்டான் காற்று வீசுகிற மாதம். கீழே புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இறங்க வேண்டிய நேரத்தில் ஊரைக் காணோம். எபோ உள்ளேயிருந்து போனில் கூப்பிட்டான். "அக்கா, எல்லாரையும் பெல்ட் போடச் சொல்லுங்க. நாம எங்க இருக்கோம்னு தெரியலை." கடைசியில் நியாமே விமான நிலையம் ரேடியோவில் கிடைத்து, போகவேண்டிய நாட்டை விட்டு வேறு நாட்டில், டாங்கி காய்கிற நிலைமையில் இறங்கினோம். விஷயம் தெரியாத பயணிகள் கை தட்டினார்கள். கேப்டன் சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

விசாரணையில், "தட்டினது என் கை" என்று சொன்னார். எபோவின் பெயரை இழுக்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? டாக்ஸி ஓட்டுகிறவன்கூட, "கேப்டன், சந்தைக்கு எந்தப் பக்கம் திரும்பணும்? நீங்க சொல்லுங்க, நான் எதிர்ப்பக்கம் போறேன்" என்றான். இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் அவனை ஒரு அறை விடலாம் போல இருந்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அஜெலே. கேப்டனோட அந்த இடது பக்க சீட்டுல மறுபடி உக்காரணும். அவ்வளவுதான்" என்றார் அன்றைக்கு. மறுபடி பயிற்சிக்குப் போனார், சோதனையில் தேறினார், சீட்டையும் கொடுத்தார்கள். பீடை விட்டது என்று நினைத்தேன்.

விடவில்லை. எழுத்தைத் தட்டுவார், பார்ப்பார், எபோவைப் பார்க்கச் சொல்வார், அழித்துவிட்டு மறுபடி தட்டுவார். பயணிகள் உள்ளே வெந்துகொண்டிருப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். "கேஸை மூடியிருக்கான்னு பாக்க எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாரு. நான் மூடிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாரு" என்று எசினம் என்னிடம் அழுதாள். இன்னொரு முறை தாமதமானால் சீட்டு இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தப்பாகத் தட்டியவருக்குத் திருப்பிக் கொடுத்த சீட்டை, சரியாகத் தட்டுகிறார் என்பதற்காகப் பிடுங்கப் பார்த்தார்கள். என்ன நியாயமோ!

அப்புறம் ஒரு நாள் மறுபடி லோமே. கதவெல்லாம் சாத்தியாகிவிட்டது. விமானம் நகரவில்லை. விமானி அறையிலிருந்து மணி அடித்தது. உள்ளே போனேன். எபோ சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தான்.

"கேப்டன், கிழக்குதான். எத்தனை தடவை சொல்றது?"

"நீ சும்மா இரு. அஜெலே, இங்க வா. இந்த எழுத்து என்ன?"

குனிந்து பார்த்தேன். "கிழக்கு, கேப்டன்."

"நல்லாப் பாத்தியா?"

"என் கண்ணு அவிஞ்சா போச்சு? கிழக்குதான். கிளம்புங்க. இல்லேன்னா அந்த மேனேஜர் உங்களை இறக்கி விட்டுருவான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கும் நான் பாத்தேன் அஜெலே. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை பாத்தேன். கிழக்குன்னுதான் எனக்குத் தெரிஞ்சது."

விசாரணையில் இதை அவர் சொல்லவே இல்லை.

தொப்பியை எடுத்துக்கொண்டு அவரே கதவைத் திறக்கச் சொன்னார். படிக்கட்டு வந்தது. இறங்கி வெயிலில் நடந்து போனார். யாரும் இறக்கிவிடவில்லை. எல்லையை நடந்தே தாண்டி, ட்ரோட்ரோ வேன் பிடித்து, சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தாராம்.

போன ஈஸ்டருக்குப் போயிருந்தேன். எசினம் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் நானும் அவரும்தான். அந்தக் கோட்டுக் கதையை அவர் எடுக்கவே இல்லை. சிரிக்கவைக்கலாம் என்று நானே ஆரம்பித்தேன். "கேப்டன், இப்ப நாம உக்காந்திருக்கிறது எந்தப் பக்கம்?"

தரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"தெரியலை அஜெலே. எசினம் வரட்டும், கேட்டுக்கலாம்" என்றார்.